நண்டு வலைக்குத் தோட்டா ஈயம்

பெட்டியைப் பிரித்தபோது அப்பா இருந்தார், மச்சான் இருந்தார், நான் இருந்தேன். அம்மா கருவாட்டுக் கூடையோடு ஏரல் சந்தைக்குப் போயிருந்தாள். அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. அண்ணன் சாகுபுரம் ஆலையில் வேலையில் இருந்தான். அவனுடைய வலைக்காகத்தான் நாங்கள் அந்தக் காரியத்தில் இறங்கினோம். அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தது நான் ஒருவன்தான்; அந்தக் கட்டணத்தில் பாதி அவன் சாகுபுரத்தில் ஒப்பந்தக் கூலியாக நின்று சம்பாதித்தது. பன்னிரண்டு வருடமாக மூட்டை அடுக்குகிற வேலை. அவனுக்கு அது பிடிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்கள் ஊர் தருவைகுளத்துக்கு வருகிறவன், பூசை முடிந்ததும் நேராகக் கரைக்குப் போய், யாருக்கு எத்தனை கிலோ நண்டு பட்டது, எத்தனை பாக ஆழத்தில் வலை போட்டார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் சாப்பிட வருவான். அந்த வருடம் ஒருவழியாக முடிவெடுத்துவிட்டான். அப்பாவின் பைபர் படகு சும்மாதான் கிடந்தது. சேர்த்துவைத்த காசில் நண்டு வலைக்கு வேண்டிய பத்துத் துண்டு வலைத்துணி வாங்கிக் கொடுத்தான். மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று ஒப்பந்தக்காரரிடமும் சொல்லிவிட்டான். ஒன்றாம் தேதி வலை கடலில் இறங்க வேண்டும். அதுதான் பேச்சு.

அப்பா கொட்டகையில் உட்கார்ந்து கயிறு கோத்துக்கொண்டிருந்தார். கயிறு வந்தாயிற்று, மிதவை வந்தாயிற்று. ஈயம் குறைந்தது. நண்டு வலை கடலடியில் குட்டைச்சுவர் மாதிரி நிற்க வேண்டும். மேல்கயிற்றில் மிதவை, அடிக்கயிற்றில் ஈயம். ஈயம் போதாவிட்டால் நீரோட்டம் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால் நண்டு அடியால் நுழைந்து போய்விடும். அப்பா கணக்குக்குப் பன்னிரண்டு கிலோ வேண்டும். பழைய வலைகளிலிருந்து உரித்தது ஐந்து கிலோ. மீதி ஏழு.

ஏழு கிலோ ஈயம் கடையில் வாங்கினால் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்குச் சற்று மேலே வரும். அந்தக் காசு வீட்டில் இருந்தது. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பிறகு எல்லோரும் கேட்டது, "அவ்வளவுக்கு வக்கத்தாடே போனீங்க?" என்றுதான். வக்கற்றுப் போகவில்லை. எனக்கு அந்தப் பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். சங்கு குளிக்கிறவர். படகிலிருந்து காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கி, மணலில் புதைந்த சங்கைக் காலாலேயே தடவி எடுப்பார். அவர்தான் அதைக் கொண்டுவந்தார். சாக்கைக் கொட்டகைத் தரையில் இறக்கியபோது பாறைக்கட்டி மாதிரிதான் இருந்தது. மேலே சிப்பியும் சுண்ணாம்பும் படிந்து, ஒரு பக்கம் மட்டும் பச்சை பூத்திருந்தது.

"மாப்ள, நீதான் படிச்ச ஆளு. இது என்னன்னு சொல்லு பாப்போம்."

"பாறை."

"பாறைல ஓட்ட வரிசையா இருக்குமாலே? குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தேன். பச்சைப் பக்கத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் ஒரே இடைவெளியில் வரிசை கட்டியிருந்தன. ஒவ்வொரு வட்டத்துக்கு நடுவிலும் இன்னொரு சிறு வட்டம். கையால் தேய்த்தபோது பித்தளை தெரிந்தது.

"இது துப்பாக்கித் தோட்டா, மச்சான்."

"அது எனக்குத் தெரியாதா? அங்கன இன்னும் ரெண்டு கட்டி கெடக்கு. எவனோ கப்பல்ல இருந்து தள்ளிவிட்டுட்டுப் போயிருக்கான். எந்தக் காலத்துச் சரக்குன்னு சொல்லு, அதைத்தான் கேக்கேன்."

அது எனக்குத் தெரியவில்லை. தோட்டாவின் பின்புறத்தில் பொறித்திருந்த எண்கள் பாதி அரித்துப்போயிருந்தன. செல்போனில் தேடிப் பார்த்ததில், வெள்ளைக்காரன் காலத்து ராணுவத் துப்பாக்கிக்குரியது என்று வடிவத்தையும் அளவையும் வைத்துப் புரிந்துகொண்டேன். சண்டை முடிந்ததும் மிச்சப்பட்ட சரக்கைக் கடலில் கொட்டியது உலகம் முழுக்க நடந்திருக்கிறது என்றும் படித்தேன். எங்கள் கடலில் அப்படிக் கொட்டினார்களா, ஒரு பெட்டி தவறி விழுந்ததா, தெரியாது.

"போலீசுல சொல்லணும், மச்சான். இத வீட்டுல வச்சிருக்கக் கூடாது."

"சொல்லுவோம். யாரு சொல்லவேண்டாம்னா? எடுக்கத எடுத்துட்டுச் சொல்லுவோம்." அப்பா பக்கம் திரும்பினார். "மாமா, குண்டு பூரா ஈயம்லா? ஏழு கிலோ வேணும்னீங்கள்லா?"

அப்பா கோத்துக்கொண்டிருந்த கயிற்றை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டில் ஒரு தாள் வந்தால், ஒரு மருந்துச் சீட்டு வந்தால், மின்கட்டணம் கூடுதலாக வந்தால் அவர் அப்படித்தான் என்னைப் பார்ப்பார்.

"ஏலே, ஈயந்தானா?"

"பார்த்துச் சொல்லுதேம்பா," என்றேன்.

பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. வேதியியல் படித்துவிட்டுத் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஆய்வகத்தில் இருக்கிறேன். கப்பலில் வருகிற நிலக்கரி, உரம், தாதுமணல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அள்ளி வந்து, பொடித்து, காய்ச்சி, இதில் இன்னது இத்தனை பங்கு என்று எழுதிக்கொடுக்கிற இடம். அள்ளி வருவது என் வேலை. ஆகவே அப்பா கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

கட்டியை உடைக்க உளி தேவைப்படவில்லை. இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுச் சுண்ணாம்பைக் கையால் பிய்த்தோம். மரப்பெட்டி புழுத்து மறைந்திருந்தது. பலகை இருந்த இடத்தில் ஆணிகளின் துரு மட்டும் நிழல் மாதிரி நின்றது. பித்தளைக் குப்பிகள் பாதிக்குமேல் இளஞ்சிவப்பாக மாறி, கழுத்தில் நெடுக வெடித்திருந்தன. பித்தளையிலிருந்து துத்தநாகம் கடல் தண்ணீரில் கரைந்துபோய்த் தாமிரம் மட்டும் மிஞ்சும்போது இந்த நிறம் வரும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். தொட்டாலே குண்டு தனியாகவும் குப்பி தனியாகவும் வந்தது. மட்டமான சரக்கு. ஊறிய நாளும் சேர்ந்துகொண்டது.

குப்பிக்குள்ளே கறுப்புப் பொடி இருக்கும் என்று நினைத்திருந்தேன். குச்சி குச்சியாக, தேன் நிறத்தில், நீளநீளமாக ஒரு கத்தை வெளியே சரிந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "சேமியா மாதிரில்லா இருக்கு."

"மருந்துப்பா அது. தொடாதீங்க."

"பாயாசத்துக்கு ஆவாதுங்க," என்றார் மச்சான்.

நான் அதில் கண்டிப்பாக இருந்தேன். குப்பியின் பின்னால் இருக்கிற சிறு வட்டம்தான் தீப்பொறி வருகிற இடம், எண்பது வருடம் ஊறியிருந்தாலும் அதை நம்பக் கூடாது என்று சொன்னேன். குப்பிகள் மருந்தோடு அப்படியே தண்ணீர் வாளிக்குள் போயின. வாளியைக் கொட்டகைக்கு வெளியே, வேலியோரத்தில் வைத்தோம். அடுப்புப் பக்கம் ஒரு குப்பி வரக் கூடாது. மச்சானுக்கு அது பொறுக்கவில்லை.

"பித்தளை என்ன வெல விக்கி தெரியுமா? ஈயத்த எடுத்துட்டுப் பித்தளைய விடுததுக்குப் படிப்பு வேற."

"அது வெடிச்சா வெரலு போயிரும், மச்சான்."

"பயந்தாங்கொள்ளிப் பயலுக்கா என் பொண்டாட்டி தம்பின்னு பேரு."

சிரித்துக்கொண்டே சொன்னார்; ஆனாலும் வாளியைத் தொடவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. அபாயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதைத் தள்ளி வைத்துவிட்டேன் என்று நம்பினேன்.

குண்டுகள் ஒரு பழைய உரச் சாக்கில் சேர்ந்தன. மேலே இருந்தவற்றிலிருந்து ஐந்தை எடுத்து இரும்பு அறுக்கிற வாளால் நெடுக அறுத்தேன். வெளியே தாமிரம் கலந்த மெல்லிய உறை. உள்ளே ஈயம், மெழுகு மாதிரிப் பளபளவென்று. ஆனால் கூர்முனைப் பக்கம் ஈயம் இல்லை. வெள்ளையாக, கனமில்லாத வேறொரு உலோகம் ஒரு சிறு மூக்கு மாதிரி அடைபட்டிருந்தது. அலுமினியம். ஏன் என்று புரியாமல் அன்று வெகுநேரம் தேடினேன். முனை இலேசாகவும் பின்புறம் கனமாகவும் இருந்தால் குண்டு உடம்புக்குள் போனதும் நேரே போகாமல் புரண்டுவிடுமாம். அதற்காகவே அப்படிச் செய்தார்களாம். அறுத்த பாதியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அலுமினியம் இவ்வளவுதான், ஒரு பச்சைப் பட்டாணி அளவு.

அம்மாவின் கருவாட்டுத் தராசில் ஒரு குண்டை நிறுக்க முடியாது. பத்துப் பத்தாக நிறுத்தேன்; நூற்றுப் பன்னிரண்டு கிராம் காட்டியது. எண்ணிப் பார்த்ததில் தொள்ளாயிரத்து இருபது குண்டு. உறையும் அலுமினியமும் போக நூற்றுக்கு எழுபது பங்கு ஈயம் என்று வைத்தால் ஏழு கிலோவும் கொஞ்சமும். வேண்டியதும் ஏழு கிலோ. அந்தக் கணக்கு முடிந்த இடத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தாளை அப்பாவிடம் நீட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பிற்பகல் உருக்கினோம். அன்றைக்கு மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரி அடித்தது. வெளியே அடுப்பு நிற்கவில்லை. தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து சட்டி சூடேறவே இல்லை. மச்சான்தான், "உள்ள வச்சிருவோம் மாமா, செவரு மறைக்கும்," என்றார். கொட்டகைச் சுவரோரம் மூன்று கல் வைத்தோம். எதிர்ப்பக்கம், இரண்டு முழம் தள்ளி, கோத்து முடித்த வலை மடித்துக் கிடந்தது. பத்துத் துண்டில் ஏழு முடிந்திருந்தன. வலையை மடிப்பது என்றால் சேலைக் கொசுவம் மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக, முழம் முழமாக அடுக்குவது. அப்படி அடுக்கினால்தான் கடலில் விடும்போது சிக்காமல் ஓடும். ஏழு துண்டும் ஒரே அடுக்காக, இடுப்புயரம் இருந்தது.

பழைய ஈயம் ஐந்து கிலோ முதலில் உருகியது. அதற்குள் குண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். போட்ட கொஞ்ச நேரத்தில் உறைக்குள்ளிருந்த ஈயம் ஒழுகிக் கலந்துவிடும். வெற்று உறைகள் அலுமினிய மூக்கோடு மேலே மிதந்து வரும். ஓட்டைக் கரண்டியால் நான் அவற்றை அரித்து எடுத்தேன். செங்கல்லில் கீறியிருந்த பள்ளங்களில் அப்பா ஈயத்தை ஊற்றினார். ஊற்றிய கணத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும், எண்ணி ஐந்து எண்ணுவதற்குள் மேலே பால் ஆடை மாதிரிப் படர்ந்து மங்கும். ஒவ்வொரு தடவையும் அந்த மங்குவதைப் பார்த்தேன். நாலு ஈடு அப்படிப் போயிற்று.

"எண்ணெய்ல வட சுடுத மாதிரில்லா அரிச்சு எடுக்கான்," என்றார் மச்சான். "மாப்ளைக்கு ஒரு டீக்கடை வச்சுக் குடுத்துரலாம்."

"வாய்ல பேசுததுக்கு வெறகத் தள்ளு," என்றார் அப்பா.

ஐந்தாவது ஈட்டுக்குச் சாக்கின் அடியிலிருந்து அள்ளினேன். இரண்டு கை நிறைய. சட்டியில் போட்டேன்.

பெரிய சத்தம் இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி ஒரு சத்தம், அதன்மேல் இன்னொன்று, பிறகு மூன்று நான்கு சேர்ந்து. சட்டியிலிருந்த ஈயம் எழுந்து நின்றது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. எழுந்து நின்று, பூவாணம் மாதிரி விரிந்தது. மச்சான் அப்பாவின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் கரண்டியைப் போட்டுவிட்டு முகத்தை மறைத்தேன். எல்லாம் ஓய்ந்தபோது சட்டியில் பாதி ஈயம் இல்லை.

அப்பாவின் வலது முன்கையில் மூன்று இடத்தில் தோல் வெந்திருந்தது. மச்சானின் கைலியில் ஓட்டை. எனக்கு ஒன்றும் இல்லை. கண் யாருக்கும் போகவில்லை. அதை அம்மா இன்றுவரை மாதாவின் கணக்கில்தான் எழுதுகிறாள்.

"குப்பி ஏதோ கலந்து போச்சுலே," என்றார் மச்சான்.

"இல்ல மச்சான். நான் ஒவ்வொண்ணாப் பாத்தேன்."

"பின்ன எப்பிடி வெடிக்கும்?"

அப்போதுதான் அப்பா வலையைப் பார்த்தார். வெந்த கையை ஊதிக்கொண்டிருந்தவர் ஊதுவதை நிறுத்திவிட்டார். அடுக்கின் மேல் அங்கங்கே சிறு புகை. தீ இல்லை. புகை வந்த இடங்களில் ஈயத்துளிகள் இறங்கி, வழியை உருக்கிக்கொண்டே உள்ளே போயிருந்தன. மேலே பார்க்கும்போது பத்துப் பன்னிரண்டு ஓட்டைதான். அப்பா அடுக்கை ஒருமுனையில் பிடிக்க, மச்சான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மணலில் பின்னால் நடந்தார். வலை விரிய விரிய ஓட்டை வந்துகொண்டே இருந்தது. ஒரு முழத்துக்கு ஒன்று. அதே வடிவம், ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் சிறுத்து. காகிதத்தை மடித்துக் கத்தரியால் வெட்டிவிட்டு விரித்தால் வருமே, அந்த மாதிரி.

கிழிந்த வலையை அப்பா நூல் முடிந்து பொத்திவிடுவார். சுறா கடித்த வலையையே பொத்தியிருக்கிறார். அவர் ஒரு ஓட்டையின் விளிம்பைப் பிடித்து மெல்ல இழுத்தார். மயிர் மாதிரி அறுந்தது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து இழுத்தார். அங்கேயும் அறுந்தது. சூடு பட்ட நூல் விறைத்துவிட்டிருந்தது. ஏழு துண்டையும் நடந்து நடந்து இழுத்துப் பார்த்துவிட்டு, வலையை மணலிலேயே விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

மருந்து போட அழைத்துப் போனபோது வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஈயந்தான்னியேலே?"

அம்மா சாயங்காலம் ஜெபமாலை முடிந்து வந்தவள், மணலில் கிடந்த வலையைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள், எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தாள். "மீனச் சுடுவாக, நண்டச் சுடுவாக. வலையச் சுட்ட ஊரு இது ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அன்று சோறு வைத்தாள், குழம்பு வைக்கவில்லை.

எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் அப்படி இருக்கும்போது நான் சாக்கை அவிழ்த்தது சரியா என்று தெரியவில்லை, ஆனால் அவிழ்த்தேன். இன்னும் நானூறு குண்டு போல மிச்சம் இருந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி எடுத்து வந்தேன். முதல் நாள் அறுத்த ஐந்திலும் காந்தம் ஒட்டவில்லை. சாக்கின் அடியில் இருந்தவற்றில் காந்தத்தை வைத்ததும் பத்துப் பதினைந்து சேர்ந்து தொற்றிக்கொண்டன. உறை இரும்பு, மேலே தாமிரம் பூசியிருக்கிறார்கள். அதில் ஒன்றை அறுத்தேன். ஈயம் வந்தது. மூக்கில் அலுமினியம் இல்லை. பழுப்பாக, ஊறிப்போய், நகத்தால் தோண்டினால் வருகிற மாதிரி ஒன்று இருந்தது. விரலில் நசுக்கினேன். தண்ணீர் கசிந்தது.

காகிதம். அரைத்துக் கூழாக்கி இறுக்கி அடைத்த காகிதம்.

சண்டைக் காலத்தில் அலுமினியம் விமானத்துக்குப் போயிருக்கும். தோட்டா செய்கிற இடத்தில் எவனோ காகிதத்தை அடைத்துக்கொண்டு வேலையை முடித்திருக்கிறான். அது சுடுவதற்குப் போதும். ஆனால் கடலுக்கடியில் எண்பது வருடம் உறை துருப்பிடித்து, ஊசித்துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, காகிதம் குடித்துவைத்துக்கொண்டது. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். மருந்தைப் பார்த்துப் பயந்தேன், குப்பியைப் பார்த்துப் பயந்தேன். கடலில் கிடந்த சாமானுக்குள் தண்ணீர் இருக்கும் என்று நினைக்கவில்லை.

அந்தக் கூழைச் செல்போன் கேமராவால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதாவது ஓர் எழுத்து மிஞ்சியிருக்குமா, செய்தித்தாளா, பள்ளிக்கூட நோட்டா என்று. ஒன்றும் இல்லை. வெறும் நார்.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. நிலக்கரிக் கப்பலில் சரக்கை அள்ளும்போது மேலே ஒரு பங்கு, நடுவே ஒரு பங்கு, அடியில் ஒரு பங்கு என்று அள்ளுவோம். மேலாக அள்ளிக்கொண்டு வருகிறவனை எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாதம்கூட வைத்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் மேலே ஒரு சுரங்கத்துக் கரி இருக்கும், அடியில் இன்னொரு சுரங்கத்துக் கரி இருக்கும். இது எனக்கு மனப்பாடம். அந்தச் சாக்கிலும் மேலே ஒரு சரக்கு, அடியில் வேறொரு சரக்கு. ஐந்து குண்டையும் நான் மேலிருந்து எடுத்தேன். கையில் எது முதலில் பட்டதோ அதை. சொந்த வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்ததால் அது வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் பூசைக்கு வந்தான். அம்மா கோயிலிலேயே சொல்லிவிட்டாள். கரைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தான். வலை மணலில் அப்படியே கிடந்தது. ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நடந்தான். அப்பா கொட்டகைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. மச்சான் அன்றைக்கு வரவேயில்லை.

"யாரு யோசன இது?"

"நான்தான் அண்ணே ஈயம்னு சொன்னேன்."

"மச்சான் கொண்டாந்தாரு, அப்பா உருக்குனாக, நீ சொன்ன. எனக்கு ஒரு போனு போட ஒருத்தனுக்கும் கை வரல, என்ன?"

நான் குனிந்து வலையில் ஒட்டியிருந்த ஈயத்துளி ஒன்றைப் பிய்த்தேன்.

"கடைல வாங்குங்கன்னு சொல்லிருப்பேம்லா. ஆயிரத்து அறுநூறு ரூவாடே."

"தெரியும் அண்ணே."

அவன் வலையின் ஓரத்தில் உட்கார்ந்தான். ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டான். அடுத்த மடிப்பின் ஓட்டைக்குள் அடுத்த விரலை விட்டான். கையுறை மாட்டுகிற மாதிரி ஐந்து விரலையும் விட்டுப் பார்த்துவிட்டு, கையை உருவிக்கொண்டான்.

"எங்க அது? காட்டு."

அறுத்த குண்டு இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். அலுமினிய மூக்கு ஒன்று, காகித மூக்கு ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். காகிதத்தை நகத்தால் சுரண்டினான், முகர்ந்தான்.

"உள்ள பேப்பரா?"

"ஆமா அண்ணே. தண்ணி குடிச்சு இருந்திருக்கு."

"வெள்ளக்காரனும் நம்ம ஒப்பந்தக்காரன் மாதிரித்தான் வேல பாத்துருக்கான்," என்றான். சிரித்தானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு அவனே கேட்டான்: "அலுமினியம் எதுக்குடே வைக்கான் முன்னால?"

சொன்னேன். அவன் குண்டைக் கீழே வைத்துவிட்டான். கையை மணலில் துடைத்துக்கொண்டான்.

அப்புறம் எழுந்து வேலியோரம் போய் ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டான். காற்றில் பாதிதான் கேட்டது. "அண்ணாச்சி, ஆளு போட்டுட்டீங்களா... இல்ல, அடுத்த மாசமும் வாரேன்... ரெண்டு மாசம்னே வச்சுக்கிடுங்க... சரி அண்ணாச்சி, நைட்டுச் சிப்ட்டும் பாக்கேன்." பேசி முடித்துவிட்டு வந்து, அம்மாவிடம் சோறு கேட்டான்.

திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு நானே கடலோரக் காவல் நிலையத்துக்குப் போனேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். வெடிபொருள் ஆட்கள் வந்து வாளியைத் தூக்காமல், முதலில் சுற்றி நின்று பார்த்து, எங்களை ஐம்பது அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு எடுத்துப் போனார்கள். அவர்களில் ஒருவர் உருக்கிய சட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். மீதிக் கட்டி இரண்டும் கிடக்கிற இடத்தைக் காட்ட மச்சான் அவர்கள் படகில் மூன்று நாள் போய்வர வேண்டியிருந்தது. அந்த மூன்று நாளும் சங்கு இல்லை. எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார்கள். மச்சான் அதற்குப் பிறகு என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்வதில்லை. "சைன்டிஸ்ட்டு" என்கிறார். அது முன்னதைவிட மோசம்.

அண்ணன் இரண்டு மாதம் இரண்டு ஷிப்ட் பார்த்தான். கண் உள்ளே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையிலேயே தூங்கினான். அவன் அனுப்பிய காசும் என் சம்பளத்தில் பாதியும் சேர்த்துப் புதிதாக ஏழு துண்டு வலைத்துணி எடுத்தோம். ஈயத்தைக் கடையில் வாங்கினோம். கடைக்கார அண்ணாச்சி நிறுத்துப் போட்டபோது, பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடிப்பக்கத்தையும் சுரண்டிப் பார்த்தேன். "தம்பி, தங்கமா வாங்குதீங்க?" என்றார் அவர். அப்பாவின் கை ஆறியிருந்தது. தோல் மட்டும் மூன்று இடத்தில் வெளுத்திருந்தது. அவர் பழையபடி கொட்டகையில் உட்கார்ந்து கோத்தார். இந்தத் தடவை நானும் வேலை முடிந்து வந்து கூட உட்கார்ந்து கோத்தேன். எனக்கு அது சரியாக வரவில்லை, அவர் பாதியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

வலை முடிந்த அன்று அண்ணன் ஆலையிலிருந்து மொத்தமாக வந்துவிட்டான். துணிப்பையைக் கூடக் கீழே வைக்காமல் வலை அடுக்கைச் சுற்றி வந்தான். மிதவையை அழுத்திப் பார்த்தான். அடிக்கயிற்றைத் தூக்கி, ஈயத்தின் கனத்தைக் கையால் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மொத்தம் எவ்வளவுடே ஆச்சு? அந்த நாளுலருந்து இன்னைக்கு வரைக்கும். ஒண்ணும் விடாமச் சொல்லு."

புதுத் துணி, கடை ஈயம், அப்பா கைக்கு மருந்து, மச்சானுக்குப் போன மூன்று நாள் எல்லாம் சேர்த்துத்தான் வைத்திருந்தேன். தாளைப் பார்க்காமலே சொன்னேன்.

"இருபதாயிரத்து இருநூத்தித் தொண்ணூறு, அண்ணே."